வேளச்சேரி ஃப்ளாட், பத்து வயது மகள், மூட்டுவலி உள்ள அம்மா: எங்கள் வீட்டுக்கு எந்த நாய் ஒத்துவரும்?

மூன்றாம்மாடி | சனி, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். மகள் ரொம்ப நாளாக நாய் கேட்கிறாள். கோடை விடுமுறைக்குள் முடிவு செய்துவிடலாம் என்று இருக்கிறோம். எங்கள் நிலவரம் இதுதான். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. லிஃப்ட் உண்டு, கரண்ட் போனால் நின்றுவிடும். எனக்கு சிறுசேரியில் வேலை, காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். பகலில் வீட்டில் இருப்பது அம்மா மட்டும். வயது 68, மூட்டுவலி.

மகளுக்கு ஹஸ்கிதான் வேண்டும், நீலக் கண்ணைப் பார்த்து ஆசை. கணவருக்கு லாப்ரடார். எனக்கு பீகிள் பிடிக்கும். இந்த மூன்றில் எது சரி? முப்பதாயிரம் ரூபாய் வரை கொடுக்கத் தயார்.

நாலுகால் | சனி, காலை 8:25

வணக்கம். பீகிளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள். பார்க்க அடக்கமாக இருப்பதால் ஃப்ளாட்டுக்கு ஏற்ற நாய் என்று பலர் வாங்குகிறார்கள். அது இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட மோப்ப நாய். தூரத்தில் பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதன் குரலைப் பேணி வளர்த்தார்கள். கூட்டத்தில் வாழப் பழகிய நாயைத் தனியாக விட்டால் ஊளையிடும், அது மூன்று தளத்துக்குக் கேட்கும். மோப்பம் பிடித்துவிட்டால் நாம் கூப்பிடுவது காதில் ஏறாது. அம்மா கையில் பெல்ட்டைக் கொடுத்து அனுப்பக்கூடிய நாய் இல்லை.

கால்நடை_தாம்பரம் | சனி, காலை 10:05

நான் கால்நடை மருத்துவர், தாம்பரம் பக்கம் கிளினிக். ஹஸ்கியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏப்ரல், மே மாதங்களில் என் மேசைக்கு வரும் துயரங்களில் பெரும் பங்கு இதுதான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. அதனால் 40 டிகிரி உலர்ந்த வெயிலை விட 35 டிகிரி சென்னைப் புழுக்கம் சில நாள் மோசமாக இருக்கும். ஹஸ்கி, கிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய். அதற்கு இரட்டை அடுக்கு முடி. வெயிலுக்கு மொட்டையடித்துவிடுகிறோம் என்று சிலர் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். வெயில் நேராகத் தோலில் படுவதைத் தடுப்பதும் அந்த முடிதான். சில நாய்களுக்கு வெட்டிய பிறகு ஒழுங்காக முளைப்பதே இல்லை.

ஆரோக்கியமான நாயின் உடல் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கு. அந்த நிலையில் வந்த எல்லா நாயையும் காப்பாற்ற முடிவதில்லை.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இதே ஆபத்துதான், காரணம் மட்டும் வேறு. மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. உருவம் சின்னது, ஃப்ளாட்டுக்குச் சரிவரும் என்று நினைத்து அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

கோவை_பனிநாய் | சனி, பகல் 12:30

டாக்டர் சார் மன்னிக்க வேண்டும், எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஹஸ்கி இருக்கிறது. அவனுக்கென்று ஏசி அறை, இன்வெர்ட்டர், விடியற்காலை ஐந்து மணிக்கு நடை. நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறான். ஹஸ்கி வளர்ப்பவர்களை எல்லாம் கொடுமைக்காரர்கள் போலப் பேசுவது சரியில்லை.

கால்நடை_தாம்பரம் | சனி, பகல் 1:10

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் அந்த நாய்க்காக உங்கள் நாளையே மாற்றி அமைத்திருக்கிறீர்கள், உங்களிடம் அது பத்திரமாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்டவரின் வீட்டில் பகல் முழுக்க 68 வயது அம்மா ஒருவர்தான். மே மாத மதியம் கரண்ட் போனால் என்ன செய்வார்? அதுவும் ஹஸ்கிக்கு ஏசி அறையில் படுத்திருப்பது மட்டும் போதாது. அது ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. ஓட வழியில்லாவிட்டால் சோபாவைக் கிழிக்கும், கதவைச் சுரண்டும். அதன் பிறகு "சேட்டை தாங்கவில்லை, யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா" என்று விளம்பரம் போடுவார்கள். அப்படிக் கைமாறி வந்த ஹஸ்கிகளுக்கு நானே வீடு தேடியிருக்கிறேன்.

கறுப்பு_லாப் | சனி, மாலை 4:45

லாப்ரடாருக்காக ஒருவராவது பேச வேண்டுமே. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக லாப்ரடார்தான். குழந்தைகளிடம் அதைப் போலப் பொறுமையான நாயைப் பார்ப்பது அரிது. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்று, அதற்கு வயிறு நிறைவதே இல்லை. இதில் வளர்ப்பின் குறை மட்டும் கிடையாது. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பாட்டி உள்ள வீடுகளில் இட்லி, பிஸ்கட், தயிர்சாதம் என்று நாள் முழுக்க ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். நாய் 45 கிலோ ஆகி, ஆறு வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, அளவாக வளர்த்தாலும் 30 கிலோ இருக்கும். இளம் நாய் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் நானே தடுமாறுவேன். மூட்டுவலி உள்ளவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியும். காலையும் மாலையும் நீங்கள்தான் நடக்க வைக்க வேண்டும், அம்மா கையில் பெல்ட் போகவே கூடாது.

மூன்றாம்மாடி | சனி, இரவு 9:15

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஹஸ்கி வேண்டாம் என்பதை மகளிடம் இன்று சொன்னோம். அழுதாள். டாக்டர் எழுதியதை அவளே படித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாட்டு நாய்கள் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றவை என்கிறார்களே, சிப்பிப்பாறை எப்படி? ஒல்லியாக, அமைதியாக இருக்கிறது.

வெம்பக்கோட்டை | ஞாயிறு, காலை 6:20

அம்மா, நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். அப்பா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும், அதைப் போன்ற வேட்டை நாயான கன்னியும் எங்கள் தோட்டத்தில் நிற்கின்றன. எங்கள் ஊர் நாயைக் கேட்டதில் சந்தோஷம். 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தபோது ஊரே கொண்டாடியது. 2020-இல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு எங்கிருந்தெல்லாமோ கார் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஃப்ளாட்டுக்காரர்கள். அடுத்த வருடமே "திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா" என்று போன்.

சிப்பிப்பாறை பார்வையால் வேட்டையாடும் நாய். முயல் எழுந்து ஓடினால் அது கிளம்புவது நம் கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்குள் அமைதிதான், சுத்தம்தான், முடி அதிகம் கொட்டாது, எல்லாம் உண்மை. ஆனால் தெருவில் பூனை ஓடினால் உங்கள் கையில் பெல்ட் மட்டும்தான் இருக்கும். நூறடி ரோட்டில் அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நாயின் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஒசூர்_ஓட்டம் | ஞாயிறு, காலை 8:00

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஒசூரில் ஃப்ளாட்டில்தான் எங்கள் கன்னி இருக்கிறாள். தினமும் விடியும் முன் சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் அவிழ்த்துவிட்டு ஓடவிடுகிறேன். அதன்பின் பகல் முழுக்கத் தூக்கம்தான். வேட்டை நாய் என்றாலே ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

வெம்பக்கோட்டை | ஞாயிறு, காலை 8:35

தம்பி, உங்களுக்கு அந்த மைதானமும் கிடைத்தது, விடியற்காலை எழுந்திருக்கும் மனசும் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நானே குட்டி கொடுப்பேன். அந்த அம்மா காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறவர்.

ஒசூர்_ஓட்டம் | ஞாயிறு, காலை 8:50

அது சரிதான் ஐயா. சுவரோ வேலியோ உள்ள இடம் இல்லையென்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பணிநிறைவு_ஆசிரியை | ஞாயிறு, காலை 11:20

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மகளுக்கு ஹஸ்கி, கணவருக்கு லாப்ரடார், உங்களுக்கு பீகிள் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் பத்துப் பதினொரு மணி நேரம் அந்த நாயோடு இருக்கப் போவது உங்கள் அம்மா. அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் காலனியில் நாய் உள்ள வீடுகளைப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்குவார்கள். பள்ளி திறந்ததும் நாய் பாட்டியிடம் வந்து சேரும். சோறு வைப்பது, மூத்திரம் துடைப்பது, வாந்தி எடுத்தால் பதறுவது, மதியம் கண்ணயரும் நேரத்தில் கூரியர்காரருக்குக் குரைப்பதை அடக்குவது, எல்லாம் அவர் தலையில். அவருக்கு நாய் என்றால் பயமா, பிரியமா என்று யாருமே விசாரித்திருக்க மாட்டார்கள். பூஜை அறைக்குள் நாய் வரக்கூடாது என்று நினைப்பவராக இருக்கலாம். பகல் தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறுபவராக இருக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு நகக்கீறல் கூடத் தொல்லைதான். நாயைத் தேர்ந்தெடுப்பதில் முதல் ஓட்டும் கடைசி ஓட்டும் பகலில் வீட்டில் இருப்பவருக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அவர் மனப்பூர்வமாகச் சரி என்று சொல்லாவிட்டால், மகள் எவ்வளவு அழுதாலும் நாய் வேண்டாம்.

நாலுகால் | ஞாயிறு, காலை 11:45

டீச்சர் சொன்னதை இந்த இழையின் தலைப்பிலேயே போட வேண்டும்.

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10:05

அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். எனக்கே தெரியாத சில விஷயங்கள் வெளியே வந்தன. மன்னார்குடி பக்கம் அவர் பிறந்த வீட்டில் நாய்கள் இருந்தனவாம், பயம் கிடையாது. சோறு போடுவார், பேசுவார், டிவி பார்க்கும்போது பக்கத்தில் படுத்திருந்தால் துணையாகத்தான் இருக்கும் என்கிறார். ஆனால் குனிந்து சுத்தம் செய்ய முடியாது. மேலே தாவும் நாய் வேண்டாம். தெருவுக்கு அழைத்துப் போக மாட்டார். குட்டி என்றால் கண்டிப்பாக முடியாது, "உன்னை வளர்த்ததே போதும்" என்றார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் தெருவில் படகு வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் பெரிய நாயைத் தூக்கவும் முடியாமல், விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல் மாடிப்படியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். நீ ஒருத்தியே தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்க முடிகிற நாயாகப் பார் என்கிறார். இது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

தெருவிலிருந்து_வீட்டுக்கு | திங்கள், காலை 7:10

அம்மா பாதி வேலையை முடித்துவிட்டார். குனிந்து துடைக்க முடியாது என்றால் குட்டி கூடாது. இரண்டு மாதக் குட்டிக்கு ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் வரும், வெளியே போகும் பழக்கம் படிய மாதங்கள் ஆகும். உங்களுக்கு வேண்டியது வளர்ந்த நாய். மூன்று நான்கு வயதான, கருத்தடை செய்த, 15 கிலோவுக்குள் இருக்கும் பெண் நாட்டு நாயைத் தத்தெடுங்கள். வேட்டை இனத்தைச் சொல்லவில்லை, நம் தெருவில் பார்க்கும் சாதாரண நாயைத்தான்.

வளர்ந்த நாயிடம் பெரிய வசதி, அதன் குணம் கண்முன்னால் தெரிவது. குட்டியிடம் நாம் குணத்தை ஊகிக்கிறோம். நான்கு வயது நாய் குழந்தைகளைப் பார்த்து வாலாட்டுகிறதா, ஒதுங்குகிறதா, தனியாக விட்டால் கத்துகிறதா என்பதெல்லாம் அதைப் பராமரிப்பவருக்குத் தெரியும். தெருநாய்க்கு முடி குட்டை, வெயில் பழக்கம், குறிப்பிட்ட அழகுக்காக நெருங்கிய உறவில் இனம்பெருக்கிய நாய்களில் வரும் பரம்பரை நோய்கள் குறைவு. சென்னையில் 1959-இலிருந்து புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது, தனி ஆட்களாகக் காப்பவர்களும் நிறைய. அந்த முப்பதாயிரத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு_லாப் | திங்கள், காலை 9:30

தத்தெடுப்பை மதிக்கிறேன். ஆனால் தெருவில் வளர்ந்த நாயைத் திடீரென்று மூன்றாம் மாடியில் அடைத்தால் அது தாங்குமா? அந்நியரைப் பார்த்தால் சீறும் நாட்டு நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

கால்நடை_தாம்பரம் | திங்கள், பகல் 2:20

நியாயமான கவலை. பிறந்து மூன்று வாரம் முதல் ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை நாய்க்கு மனிதர், சத்தம், வாகனம் எல்லாம் பழகும் பருவம். அப்போது மனிதக் கை படாமல் வளர்ந்த நாய் பிறகும் ஒதுங்கியே இருக்கக்கூடும். அதனால் தெருவில் சுதந்திரமாக, நன்றாக இருக்கும் நாயைப் பிடித்துவந்து அடைக்காதீர்கள். விபத்திலோ வேறு காரணத்தாலோ மீட்கப்பட்டு, ஏற்கெனவே யாராவது ஒருவர் வீட்டுக்குள் வாழ்ந்து பழகியதைக் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாடு போனதால் தவிக்கும் நாய்களும் இருக்கின்றன. நான்கைந்து முறை போய்ப் பாருங்கள், ஒரு முறையாவது அம்மாவைக் கூட்டிப் போங்கள். அதன்பின் சில வாரம் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள்.

எந்த நாயானாலும் உண்ணியை மறக்க வேண்டாம். நம் ஊரில் வருடம் முழுக்க உண்ணி உண்டு. சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி வருடாவருடம் கட்டாயம். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடுங்கள்.

தெம்பனிஸ்_தமிழ் | திங்கள், மாலை 6:00

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு நாய்க்குத்தான் அனுமதி, அதுவும் அவர்கள் பட்டியலிட்ட சின்ன இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். லாப்ரடாருக்கு இடமில்லை. 2012-இலிருந்து தனித் திட்டத்தின் கீழ்த் தெருவில் மீட்ட கலப்பின நாய்களையும் தத்தெடுக்கலாம், எங்கள் வீட்டில் இருப்பது அப்படி வந்தவள்தான். அங்கே உங்கள் அசோசியேஷன் ஒப்புக்கொள்கிறதா?

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 8:40

செயலாளர் முணுமுணுத்தார். நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது, லிஃப்டில் ஏற்றவும் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டினேன். பெல்ட்டோடுதான் வெளியே வரும், அசிங்கம் செய்தால் நாங்களே எடுப்போம் என்று நாங்களாக எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது சரி என்கிறார்.

மடிப்பாக்கத்தில் ஒருவர் பராமரிக்கும் நாலு வயது நாட்டு நாயைப் பார்க்க ஞாயிறன்று போகிறோம். 13 கிலோ, கருத்தடை ஆனது, ஒரு வயதான தம்பதி வீட்டில் வளர்ந்ததாம். காலை நடை என் பொறுப்பு, மாலையில் பள்ளி விட்டு வந்ததும் மகளோடு வாட்ச்மேன் அண்ணனின் மனைவி துணைக்குப் போவார், மாதச் சம்பளம் பேசியாயிற்று. அம்மாவும் எங்களோடு வருகிறார்.

பணிநிறைவு_ஆசிரியை | திங்கள், இரவு 9:00

அம்மா வருவது ரொம்ப சந்தோஷம். அங்கே போனதும் நாற்காலியில் உட்காரவைத்து, நாய் தானாக அவரிடம் வருகிறதா என்று பாருங்கள். யாரும் கூப்பிட வேண்டாம்.

திருமங்கலம்_தோட்டம் | செவ்வாய், காலை 6:50

இதே இழையில் ஒரு கேள்வி. மதுரை திருமங்கலம் பக்கம் தனி வீடு, ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, ஐந்தடிச் சுவர். நானும் மனைவியும் எந்நேரமும் வீட்டில்தான். காவலுக்கு ராஜபாளையம் வாங்கலாமா?

வெம்பக்கோட்டை | செவ்வாய், காலை 7:30

உங்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஐந்தடிச் சுவரைத் தாண்டிவிடும், மேலே இரண்டடிக்கு வலை போடுங்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் வெறித்தனம் ஏறும், எனவே தோப்புக்குள் அவிழ்த்துவிடுங்கள். வேலையாட்களையும் பேரப்பிள்ளைகளையும் குட்டியிலிருந்தே பழக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்தபின் ஒருவரையும் உள்ளே விடாது.

வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்கும் குட்டியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். குட்டி தூங்கும்போது அது பார்க்காத பக்கம் நின்று, காற்று மேலே படாமல், தள்ளியிருந்து ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காது அசைய வேண்டும். தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017 விதிப்படி குற்றம், தாயிடம் பால் குடித்து, கூடப் பிறந்ததோடு கடித்து விளையாடினால்தான் கடியின் அளவு அதற்குப் புரியும். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்துக்கு பஸ் இருக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தால் இரண்டு மூன்று வீட்டில் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்கிறேன், பார்த்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.